ஆபரேஷனுக்கு முன்னால் உடம்பிலும் சேமிப்பு வேண்டும்



புற்றுநோய் என்ற பேரைச் சொல்லவே பயந்த காலம் ஒன்று இருந்தது. இன்று நம் குழுக் கூட்டங்களில் மார்பகப் பரிசோதனை பற்றியும் கர்ப்பப்பை வாய்ப் பரிசோதனை பற்றியும் தைரியமாகப் பேசுகிறோம். ஆனால் நோய் இருக்கிறது என்று தெரிந்த பிறகு, ஆபரேஷன் தேதி வருகிற வரைக்கும் வீட்டில் என்ன செய்வது என்று நாம் பேசுவதே இல்லை. அதைப் பற்றித்தான் இந்த இதழில் பார்க்கப் போகிறோம்.

நம் வீடுகளில் பொதுவாக என்ன நடக்கிறது? "ஒரு வேலையும் செய்யாதம்மா, பேசாமப் படுத்துக்கோ" என்கிறோம். வயிற்றுக்கு லேசாக இருக்கட்டும் என்று மூன்று வேளையும் கஞ்சி கொடுக்கிறோம். முட்டை ஆகாது, மீன் ஆகாது, பருப்பு ஆகாது என்று ஒவ்வொன்றாக நிறுத்துகிறோம். எல்லாம் அன்பால் செய்வதுதான். ஆனால் நான்கு வாரம் இப்படியே போனால் நோயாளியின் தசை கரைந்துவிடும். தசை கரைந்த உடம்போடு ஆபரேஷனுக்குப் போகிறவர்களுக்குப் புண் ஆறுவது தாமதமாகிறது, நோய்த்தொற்று அதிகம் வருகிறது, ஆஸ்பத்திரியில் இருக்கும் நாட்களும் கூடுகின்றன.

சதை வேறு, தசை வேறு

"சதை போட்டிருக்கா", "சதை வத்திப் போச்சு" என்று பேச்சில் சொல்கிறோம். அந்த ஒரே சொல்லில் கொழுப்பும் அடங்குகிறது, தசையும் அடங்குகிறது. இரண்டும் ஒன்றல்ல. குடத்தைத் தூக்கும்போது மேல்கையில் விறைத்துக்கொண்டு நிற்கிறதே, அது தசை. தொளதொளவென்று தொங்குவது கொழுப்பு.

கொழுப்பு என்பது எரிபொருள். பட்டினி கிடந்தால் எரியும். ஆனால் புண்ணை ஆற்றவோ, கிருமியோடு சண்டை போடவோ கொழுப்பு உதவாது. அதற்குப் புரதம் வேண்டும். உடம்பில் புரதத்துக்கென்று தனியாக ஒரு குதிர் கிடையாது. அவசரத்துக்கு எடுக்க வேண்டுமானால் தசையைக் கரைத்துத்தான் எடுக்க முடியும்.

நம் குழுச் சேமிப்பை நினைத்துப் பாருங்கள். சேமிப்பு உள்ள குழுவில் ஒரு உறுப்பினருக்கு அவசரம் என்றால் உடனே உள்கடன் கொடுத்துவிடலாம். சேமிப்பு இல்லாவிட்டால் கந்துவட்டிக்காரரிடம்தான் போக வேண்டும். உடம்புக்குத் தசைதான் அந்தச் சேமிப்பு. ஆபரேஷன் என்பது ஒரே நாளில் வருகிற பெரிய செலவு.

தசை ஏன் குறைகிறது?

வயது ஆக ஆகத் தசை தானாகவே குறையும். இர்வின் ரோசன்பெர்க் என்ற அமெரிக்க மருத்துவர் 1989இல் இதற்கு 'சார்கோபீனியா' என்று பெயர் வைத்தார். புற்றுநோய் வந்தவர்களுக்கு இன்னும் நான்கு காரணங்கள் சேர்ந்துகொள்கின்றன.

ஒன்று, நோயே உடம்புக்குள் ஒரு அழற்சியை உண்டாக்கித் தசையைக் கரைக்கிறது. சாப்பிட்டும் இளைத்துப் போவது இதனால்தான்.

இரண்டு, பசி போய்விடுகிறது. இரைப்பை, குடல், உணவுக்குழாயில் கட்டி இருந்தால் சாப்பாடு இறங்குவதே கஷ்டம்.

மூன்று, படுக்கை. 2007இல் அமெரிக்காவில் ஒரு ஆய்வு நடந்தது. நோய் எதுவும் இல்லாத முதியவர்களை 10 நாள் படுக்கையிலேயே இருக்கச் சொன்னார்கள். அந்த 10 நாளில் கால்களில் மட்டும் சுமார் ஒரு கிலோ தசை குறைந்துபோனது. நல்ல உடம்புக்கே இப்படி என்றால் நோயாளியின் கதி என்ன?

நான்காவது நமக்கே தெரிந்ததுதான். வீட்டில் கடைசியாகச் சாப்பிடுவது பெண். குழம்பில் இருக்கும் மீன் துண்டு கணவருக்கும் பிள்ளைக்கும் போனபிறகு நம் தட்டில் சோறும் ரசமும்தான் மிஞ்சுகிறது. அதாவது, நோய் வருவதற்கு முன்பே நம் சேமிப்பு குறைவு.

ஆபரேஷனில் என்ன ஆகிறது?

பெரிய ஆபரேஷன் நடந்தவுடன் உடம்பு தசையிலிருந்து புரதத்தை இழுத்து மூன்று வேலைக்கு அனுப்புகிறது.

தையல் போட்ட இடம் ஒட்டிக்கொள்ளப் புரதம் வேண்டும். குடலை வெட்டி இணைத்திருந்தால் உள்ளே இருக்கும் அந்த இணைப்பும் ஆற வேண்டும். அது ஆறாமல் கசிந்தால் உயிருக்கே ஆபத்து.

கிருமியை எதிர்க்கும் அணுக்களை உண்டாக்கவும் புரதம் வேண்டும். இது குறைந்தால் நோய்த்தொற்று எளிதில் பிடிக்கும்.

மூச்சு விடுவதும் இருமிச் சளியை வெளியேற்றுவதும் தசை செய்கிற வேலை. நெஞ்சுத் தசை பலவீனமானால் சளி உள்ளேயே தங்கி நிமோனியா வரலாம்.

இதோடு முடிவதில்லை. பலருக்கு ஆபரேஷன் முடிந்த சில வாரங்களில் கீமோ என்கிற மருந்து சிகிச்சை தொடங்க வேண்டும். உடம்பு தேறாவிட்டால் அது தள்ளிப்போகும். தசை குறைந்தவர்களுக்கு அந்த மருந்தின் பக்கவிளைவும் அதிகமாக இருப்பதைப் பல ஆய்வுகளில் பார்த்திருக்கிறார்கள்.

மருத்துவர்கள் கண்டது

இது இன்று நேற்று கண்டுபிடித்ததல்ல. 1936இல் அமெரிக்காவின் கிளீவ்லாந்து நகரில் ஸ்டட்லி என்ற அறுவை மருத்துவர் வயிற்றுப்புண் ஆபரேஷன் செய்துகொண்டவர்களின் கணக்கை எடுத்துப் பார்த்தார். ஆபரேஷனுக்கு முன்பே உடல் எடையில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் இழந்தவர்களில் மூன்றில் ஒருவர் இறந்திருந்தார். அந்த அளவு இளைக்காதவர்களில் நூற்றுக்கு மூன்று, நான்கு பேர்தான் இறந்தார்கள். அது புற்றுநோய் இல்லை, அன்றைய மருத்துவ வசதியும் குறைவு. ஆனாலும் அந்தப் பாடம் இன்றைக்கும் பொருந்துகிறது.

இப்போது எடையை மட்டும் பார்ப்பதில்லை. புற்றுநோய்க்கு எடுக்கிற சி.டி. ஸ்கேன் படத்திலேயே, இடுப்புப் பகுதியின் மூன்றாவது முதுகெலும்பு இருக்கும் இடத்தில் தசை எவ்வளவு, கொழுப்பு எவ்வளவு என்று அளக்கிறார்கள். 2008இல் கனடாவில் குடல், நுரையீரல் புற்றுநோய் வந்த, உடல் பருமனான 250 பேரின் படங்களை இப்படிப் பார்த்தார்கள். அவர்களில் நூற்றுக்கு 15 பேருக்குக் கொழுப்புக்கு உள்ளே தசை மிகக் குறைவாக இருந்தது. அவர்களின் ஆயுளும் மற்றவர்களைவிடக் குறைவாக இருந்தது. "அவ நல்லாத்தானே குண்டா இருக்கா, தாங்குவா" என்று நாம் சொல்வது எவ்வளவு தவறு பாருங்கள்.

சரி, கரைந்த தசையை மீட்க முடியுமா? ஐரோப்பாவில் குடல் புற்றுநோய் ஆபரேஷனுக்குக் காத்திருந்த 251 பேரை இரண்டு பிரிவாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்கு ஆபரேஷனுக்கு முன் நான்கு வாரம் உடற்பயிற்சி, புரத உணவு, மன தைரியம் கொடுக்கும் ஆலோசனை, புகைப்பதை நிறுத்த உதவி எல்லாம் கொடுத்தார்கள். மற்ற பிரிவுக்கு வழக்கமான சிகிச்சை மட்டும். 2023இல் முடிவு வெளிவந்தது. வழக்கமான சிகிச்சை பெற்றவர்களில் நூற்றுக்கு சுமார் 30 பேருக்குக் கடுமையான சிக்கல் வந்தது. நான்கு வாரம் தயாரானவர்களில் 17 பேருக்குத்தான் வந்தது.

அங்கே பயிற்சியாளர் பக்கத்தில் நின்று சொல்லிக் கொடுத்தார்கள். நம் வீட்டில் செய்வது அதற்கு அப்படியே சமமாகாது. இதனால் புற்றுநோய் குணமாகிவிடும் என்றும் நாம் சொல்லவில்லை. ஆபரேஷனைத் தாங்குகிற சக்தி கூடும், அவ்வளவுதான். ஆனால் அது சின்ன விஷயமல்ல!

வீட்டிலேயே கவனிக்கலாம்

● ஆறு மாதத்தில் எடை குறைந்திருக்கிறதா? 50 கிலோ இருந்தவர் 47½ கிலோ ஆனாலே மருத்துவரிடம் சொல்ல வேண்டும். எடையை ஆரம்ப சுகாதார நிலையத்தில் பார்த்து நோட்டில் எழுதி வையுங்கள். கால் வீக்கம், வயிற்றில் நீர் இருந்தால் எடை குறைந்தது தெரியாமல் போகும்.

● வளையல் கழன்று விழுகிறதா? ரவிக்கை தொளதொள என்று ஆகிவிட்டதா? தரையிலிருந்து எழுந்திருக்கக் கை ஊன்ற வேண்டியிருக்கிறதா? முன்பு தூக்கிய குடத்தை இப்போது தூக்க முடியவில்லையா?

● நாற்காலிப் பரிசோதனை: கைகளை மார்பில் கட்டிக்கொண்டு நாற்காலியிலிருந்து 5 முறை எழுந்து உட்கார வேண்டும். 12 விநாடி அல்லது அதற்கு மேல் ஆனால் தசை பலவீனம் இருக்கலாம் என்று ஆசிய நாடுகளின் மருத்துவர் குழு 2019இல் சொல்லியிருக்கிறது.

● விரல் வளையம்: இரண்டு கைகளின் கட்டைவிரல், ஆள்காட்டி விரல்களைச் சேர்த்து வளையமாக்கி, கெண்டைக்காலின் பருத்த இடத்தைச் சுற்றிப் பிடியுங்கள். காலுக்கும் விரலுக்கும் நடுவில் இடைவெளி விழுந்தால் தசை குறைந்திருக்க வாய்ப்பு உண்டு. ஜப்பானில் முதியவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கும் முறை இது.

இவை ஒரு அறிகுறி மட்டுமே. முடிவு சொல்ல வேண்டியவர் மருத்துவர்.

என்ன சாப்பிடுவது?

புற்றுநோயாளிக்கு ஒரு கிலோ எடைக்கு ஒரு நாளைக்கு ஒரு கிராமுக்கு மேல், முடிந்தால் ஒன்றரை கிராம் வரை புரதம் வேண்டும். 50 கிலோ எடை உள்ளவருக்கு 50 முதல் 75 கிராம்.

ஒரு டம்ளர் அரிசிக் கஞ்சியில் இருப்பது சுமார் 2 கிராம்தான். மூன்று வேளை கஞ்சி குடித்தால் 6 கிராம்! ரேஷனில் வாங்கும் ஒரு கிலோ துவரம் பருப்பை நான்கு பேர் மாதம் முழுவதும் சாப்பிட்டால், ஆளுக்கு ஒரு நாளைக்கு 8 கிராம் பருப்பு வரும். அதில் புரதம் 2 கிராம் கூட இல்லை. ஆகவே நோயாளிக்கென்று தனியாக ஒதுக்கினால்தான் உண்டு.

நமக்குக் கிடைக்கும் பொருட்களிலேயே ஒரு நாள் கணக்கைப் பார்ப்போம்.

காலை: 4 இட்லி, 1 முட்டை – 14 கிராம்
11 மணி: ஒரு கைப்பிடி (30 கிராம்) வேர்க்கடலை – 7 கிராம்
மதியம்: சோறு, 50 கிராம் பருப்பில் கெட்டியாகக் கடைந்த பருப்பு, ஒரு கரண்டி தயிர் – 20 கிராம்
மாலை: 50 கிராம் கொண்டைக்கடலையில் சுண்டல் – 10 கிராம்
இரவு: 2 சப்பாத்தி, 1 முட்டை – 12 கிராம்
படுக்கும் முன்: ஒரு சின்ன டம்ளர் பால் – 5 கிராம்

மொத்தம் 68 கிராம். மீன், கருவாடு, கோழி, மீல்மேக்கர், பாசிப்பயறு எது கிடைத்தாலும் மாற்றிக்கொள்ளலாம். முட்டை சாப்பிடாதவர்கள் பால், தயிர், பயறு வகைகளைக் கூட்டிக்கொள்ளலாம்.

"அவ்வளவு எங்கங்க இறங்குது?" என்று கேட்பது நியாயம்தான். கொஞ்சம் கொஞ்சமாக ஆறு வேளையாகக் கொடுங்கள். கஞ்சிதான் இறங்கும் என்றால் அதிலேயே பொட்டுக்கடலை மாவு, வறுத்துப் பொடித்த வேர்க்கடலை, வேகவைத்து மசித்த பருப்பு, பால் சேருங்கள். எதுவுமே இறங்கவில்லை, வாந்தி நிற்கவில்லை என்றால் வீட்டில் வைத்துக்கொண்டிருக்கக் கூடாது. உடனே மருத்துவரிடம் சொல்ல வேண்டும். குழாய் வழியாக உணவு கொடுப்பது முதல் பல வழிகள் அவர்களிடம் உண்டு.

சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் புரதத்தைக் கூட்டக் கூடாது. சர்க்கரை உள்ளவர்கள் மாத்திரை, ஊசி அளவையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

என்ன பயிற்சி செய்வது?

சாப்பாடு மட்டும் போதாது. வேலை கொடுத்தால்தான் தசை வளரும். மருத்துவர் சரி என்று சொன்ன பிறகு இவற்றைச் செய்யலாம்.

1. காலையும் மாலையும் 10 நிமிடம் நடை. தெருவில் நடக்கக் கூச்சமாக இருந்தால் வீட்டு முற்றத்திலேயே நடக்கலாம். வாரா வாரம் கொஞ்சம் கூட்டுங்கள்.
2. நாற்காலியில் உட்கார்ந்து எழுவது, 10 முறை.
3. சுவரில் கைகளை ஊன்றிச் சாய்ந்து, தள்ளி நிமிர்வது, 10 முறை.
4. சுவரைப் பிடித்துக்கொண்டு குதிகாலைத் தூக்கி இறக்குவது, 10 முறை.
5. மூச்சை மெதுவாக, ஆழமாக இழுத்து விடுவது, மணிக்கு ஒரு தடவை ஐந்தாறு மூச்சு.

மூச்சு வாங்கினாலும், நெஞ்சு வலித்தாலும், தலை சுற்றினாலும், இரத்தப்போக்கு இருந்தாலும் நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள். நோய் எலும்புக்குப் பரவியிருந்தால் கேட்காமல் எந்தப் பயிற்சியும் வேண்டாம். வெற்றிலையோடு புகையிலை போடும் பழக்கம், பீடி, சிகரெட் எல்லாவற்றையும் நிறுத்த வேண்டிய நேரமும் இதுதான்.

ஆபரேஷனுக்குப் பிறகு

டென்மார்க்கைச் சேர்ந்த கெலெட் என்ற மருத்துவர் 1990களில் காட்டிய வழியைப் பின்பற்றி, இன்று பல ஆஸ்பத்திரிகளில் ஆபரேஷனுக்கு அடுத்த நாளே உட்கார வைக்கிறார்கள், நடக்கவும் வைக்கிறார்கள், சீக்கிரமே சாப்பாடும் கொடுக்கிறார்கள். "தையல் பிரிஞ்சிடும், ஏம்மா பாடாப் படுத்துறீங்க?" என்று நர்ஸிடம் சண்டைக்குப் போகாதீர்கள். நடந்தால் சளி கட்டாது, காலில் இரத்தம் உறையாது, தசையும் மிஞ்சும்.

சில சந்தேகங்கள்

*முட்டையும் பருப்பும் சாப்பிட்டால் தையல் போட்ட இடத்தில் சீழ் பிடிக்குமா?*
பிடிக்காது. சீழ் பிடிப்பது கிருமியால். சர்க்கரை கட்டுப்பாட்டில் இல்லாவிட்டாலும், உடம்பில் சத்து இல்லாவிட்டாலும் கிருமிக்கு வசதி. முட்டையும் பருப்பும் புண்ணை ஆற்றுகிற சாப்பாடு.

*நல்லாச் சாப்பிட்டால் கட்டியும் சேர்ந்து வளருமே?*
பட்டினி போட்டுக் கட்டியைக் கரைக்க முடியாது. கட்டி தனக்கு வேண்டியதை உடம்பிலிருந்து எடுத்துக்கொள்ளும். பட்டினியில் இளைப்பது நோயாளிதான்.

*உடம்பு தேறட்டும் என்று ஆபரேஷனை நாமே தள்ளிப்போடலாமா?*
கூடவே கூடாது. மிகவும் மெலிந்தவர்களுக்கு 7 முதல் 14 நாள் வரை சத்துணவு கொடுத்துவிட்டு ஆபரேஷன் செய்யலாம் என்று மருத்துவ வழிகாட்டுதல் இருக்கிறது. அதை முடிவு செய்ய வேண்டியவர் அறுவை மருத்துவர். நாம் செய்ய வேண்டியது, பரிசோதனைக்கும் காப்பீட்டு அனுமதிக்கும் காத்திருக்கிற நாட்களை வீணாக்காமல் இருப்பது.

*மருத்துவரிடம் என்ன கேட்பது?*
"எனக்கு எடை இவ்வளவு குறைஞ்சிருக்கு. என்ன சாப்பிடணும்? என்ன பயிற்சி செய்யலாம்? சத்துணவு ஆலோசகரைப் பார்க்கலாமா? இரத்தச் சோகை இருக்கா?" என்று தயங்காமல் கேளுங்கள். எடை எழுதிய நோட்டைக் கையோடு கொண்டு போங்கள்.

நம் குழு என்ன செய்யலாம்?

ஆபரேஷன் செலவுக்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் இருக்கிறது. வீட்டில் சாப்பிடுகிற முட்டைக்கும் கடலைக்கும் காப்பீடு கிடையாது. அங்கேதான் குழு வேண்டும்.

மேலே சொன்ன கணக்குப்படி நான்கு வாரத்துக்கு வேண்டியது 56 முட்டை, ஒன்றரை கிலோ துவரம் பருப்பு, ஒன்றரை கிலோ கொண்டைக்கடலை, ஒரு கிலோவுக்கும் குறைவான வேர்க்கடலை. இது தவிர பாலும் தயிரும். 12 பேர் உள்ள குழுவில் ஆளுக்கு 5 முட்டை கொடுத்தாலே 60 ஆகிவிடும்! மற்றதற்குச் சின்ன உள்கடன் போதும். கல்யாணத்துக்கும் காதுகுத்துக்கும் கடன் கொடுக்கிற நாம் இதற்குத் தயங்கலாமா?

அடுத்தது, ஆள் துணை. தினம் ஒரு உறுப்பினர் முறை வைத்துப் போய் அந்தச் சகோதரியோடு 10 நிமிடம் நடக்கலாம். நடையும் ஆகும், மனசு விட்டுப் பேசவும் ஆகும். 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் இயன்முறை சிகிச்சையும் இருக்கிறது. வருகிற சுகாதாரத் தன்னார்வலரிடம் விவரம் கேளுங்கள்.

மூன்றாவது, வீட்டில் பேசுவது. "முட்டை அவளுக்கு மட்டும் எதுக்கு?" என்று கேட்கிற மாமியாரிடமும் கணவரிடமும் நோயாளியால் தானே வாதாட முடியாது. ஊக்குநரும் பிரதிநிதிகளும் இரண்டு பேராகப் போய், இது மருந்து மாதிரி, ஆபரேஷன் நல்லபடியாக முடிவதற்குத்தான் என்று எடுத்துச் சொன்னால் கேட்பார்கள்.

சகோதரிகளே, அடுத்த கூட்டத்தில் இந்தப் பக்கத்தை ஒருவர் வாசிக்க மற்றவர்கள் கேளுங்கள். முடிந்ததும் ஒரு நாற்காலியைப் போட்டு எல்லோரும் ஐந்து முறை எழுந்து உட்கார்ந்து பாருங்கள். யாருக்கு எத்தனை விநாடி என்று குறித்து வையுங்கள். நோய் உள்ளவர்களுக்கு மட்டும்தான் என்று இல்லை, நம் எல்லோருக்குமே இந்தச் சேமிப்பு வேண்டும். உங்கள் பகுதியில் ஆபரேஷனுக்குக் காத்திருக்கும் சகோதரி இருந்தால், அவருக்கு என்ன உதவி, யார் பொறுப்பு என்பதை அன்றைக்கே தீர்மானப் புத்தகத்தில் எழுதிக் கையெழுத்துப் போடுங்கள்.